கத்தி இடப் பொக்கெற்றுக்கு மாறிய வருடம்

என்னுடைய கணவரிடம் ஒரு மடக்குக் கத்தி இருந்தது. கியூபெக்கில் வில்லரே என்ற இடத்தில் எங்களுக்கு ஒரு மூலைக்கடை. இங்கே அதை எல்லாரும் தெப்பனர் என்பார்கள். பியர்ப் பெட்டி, சிப்ஸ் பெட்டி, பால் கட்டி வருகிற பிளாஸ்டிக் எல்லாவற்றையும் இவர் அந்தக் கத்தியால்தான் வெட்டுவார். கடை பூட்டி வந்த பிறகும் அது காற்சட்டைப் பொக்கெற்றில்தான் கிடக்கும். கோயிலில் மாலைக் கட்டின் நூலை அறுக்க, காருக்குள் அப்பிள் வெட்ட, மகளின் புதுச் சட்டையில் தொங்கும் மட்டையை எடுக்க, "அப்பா, கத்தி" என்று கையை நீட்டினால் போதும். வலது பொக்கெற்றுக்குள் கை போகும், கட்டைவிரல் ஒரு தட்டுத் தட்டும், கத்தி விரிந்திருக்கும். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து நான் பார்த்துவந்த அசைவு அது.

ஒரு இலையுதிர் காலத்தில் அந்தக் கத்தி இடப் பொக்கெற்றுக்கு மாறியது.

நான் ஒரு கார்டரியில், சின்னப் பிள்ளைகள் காப்பகத்தில், வேலை செய்கிறேன். இரண்டு வயதுப் பிள்ளை எந்தக் கையால் கரண்டி பிடிக்கிறது என்று பார்ப்பதும் அங்கே வேலைதான். ஆகவே இவர் இடக்கையால் தோடம்பழம் வெட்டித் தடுமாறியபோது உடனே கண்டுவிட்டேன்.

"ஏன் இடக்கையால வெட்டுறீங்கள்?"

"வலத் தோள்மூட்டு நோகுது. இனி இதில பழகுவம்."

தோளுக்கு எண்ணெய் சூடாக்கித் தேய்த்துவிட்டேன். நோ இல்லாத தோளை நோகிறமாதிரி அவர் பிடித்துக்கொண்டிருந்தது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

அதற்கு முந்திய குளிர்காலத்தில் கடையில் ஒரு களவு நடந்தது. பின்னேரம், வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தபோது, முகத்தை மூடிய ஒருவன் வந்து இவருடைய கழுத்தில் கத்தியை வைத்துக் கல்லாப்பெட்டியில் இருந்ததை எடுத்துக்கொண்டு போனான். பொலிஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. வீட்டுக்கு வந்து சோறு சாப்பிட்டார். "எனக்கு ஒண்டுமில்லை, அவனும் பயத்தில நடுங்கினவன்" என்று மட்டும் சொன்னார். அடுத்த நாள் கடையைத் திறந்தார். நானும் மகளும் கேட்டுக் கேட்டுப் பார்த்தோம். வேறு ஒரு சொல்லும் வரவில்லை. தைரியமான மனுசன் என்று நான் என்னுடன் வேலை செய்கிறவர்களுக்குச் சொன்னேன்.

தோள்மூட்டுக் கதைக்குப் பிறகு லவாலில் ஒரு கல்யாண வீடு வந்தது. படம் எடுக்கிற பொடியன் எங்கள் இரண்டு பேரையும் நெருங்கி நிற்கச் சொன்னான். நான் இவருடைய இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டேன். கோட்டுக்குள் வலப்பக்கம் ஏதோ கட்டியாகத் தட்டுப்பட்டது. இவர் என் கையைப் பிடித்து மெதுவாக எடுத்து, தன்னுடைய மற்றப் பக்கத்துக்கு என்னை மாற்றிவிட்டார். அந்தப் படம் இப்போதும் சுவரில் இருக்கிறது. நல்ல படம்.

வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"என்னது அது இடுப்பில?"

அவர் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"ஹேர்னியா. டொக்டர் பெல்ட் போடச் சொன்னவர்."

"எப்ப டொக்டரிட்டப் போனீங்கள்?"

"கடையிலயிருந்து போனனான். உமக்கு ஏன் சும்மா தலையிடி எண்டு சொல்லேல்லை."

நம்பினேன். நம்பாமல் இருக்க என்ன காரணம்? நம்பியதோடு நிற்கவும் இல்லை. ஹேர்னியாக்காரருக்கு மலச்சிக்கல் வரக்கூடாது என்று கீரையும் பப்பாசியும் மாறி மாறி வாங்கினேன். அரிசிச் சாக்கைத் தூக்க விடவில்லை. பல்கலைக்கழகத்துக்குப் போகிற மகள்தான் காரிலிருந்து சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வருவாள். டொலார்டில் எங்கள் வீட்டிலிருந்து கோயில் கிட்டத்தான். தேர் அன்றைக்கு ஆம்பிளைகள் எல்லாரும் வேட்டியோடு, மேலுக்குச் சேட்டு இல்லாமல் வடம் பிடிக்க, இவர் நீளச் சேட்டும் காற்சட்டையுமாகப் பின்னுக்கு நின்றார். தெரிந்தவர்கள், "என்ன அண்ணை, வடம் பிடிக்கேல்லையோ?" என்று கேட்டபோது அவர் வாய் திறக்க முதல் நானே பதில் சொன்னேன்.

"ஹேர்னியா. ஒப்பரேசனுக்கு நாள் பாக்கிறம்."

எத்தனை பேருக்கு அந்தப் பொய்யை உண்மையென்று நினைத்துச் சொன்னேனோ தெரியாது.

இன்னொன்றும் செய்தேன். அதை நினைத்தால்தான் இப்போதும் கை கூசுகிறது. அவருடைய வலது இடுப்பெலும்புக்கு மேலே தோல் உரசிச் சிவந்து புண்ணாகியிருந்தது. பெல்ட் உரசுகிறதாம். களிம்பு பூசினேன். பிறகு, பிள்ளைகளுக்கு மெத்தென்று தைக்கிற பருத்தித் துணி வாங்கி, அவருடைய காற்சட்டைகள் எல்லாவற்றிலும் இடுப்பின் உட்பக்கம் வலப்பக்கமாக வைத்துக் கையாலேயே தைத்தேன். நூல் முடிச்சு தோலில் குத்தக்கூடாது என்று முடிச்சை மடிப்புக்குள் விட்டேன். போட்டுப் பார்த்துவிட்டு, "இப்ப நல்ல சுகமா இருக்கு" என்றார். எனக்கு அன்றைக்கு முழுக்கச் சந்தோசம்.

அடுத்த ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் மூன்று பேருமாக லவாலில் ஒரு பெரிய கடைத்தொகுதிக்குப் போனோம். மகளுக்கு வேலை நேர்முகம் ஒன்று இருந்தது. சப்பாத்து வாங்கவேண்டும். அவள் உள்ளே அளவு பார்க்க, நாங்கள் வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தோம். திடீரென்று இவருக்கு முகமெல்லாம் வேர்த்தது. குனிந்தார். பிறகு வாங்கிலேயே சரிந்துவிட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு முனகல்.

ஹேர்னியா இறுகிவிட்டது என்றுதான் நினைத்தேன். அப்படி இறுகினால் உயிருக்கு ஆபத்து என்று வாசித்திருந்தேன். முதலில் பெல்ட்டைத் தளர்த்தவேண்டும். சேட்டை இழுத்து, காற்சட்டையின் இடுப்புக்குள் கையை விட்டேன். நான் தைத்த துணி தட்டுப்பட்டது. துணிக்கும் சேட்டுக்கும் நடுவில் கறுப்பாக ஒரு உறை, உறைக்கு மேலே ஒரு பிடி.

பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. என்னுடைய காலத்தில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த ஒருத்திக்கு அதை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

எனக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது இரண்டு பேர் சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். சேட்டை வெளியே விட்டிருந்தார்கள். "ஐயா நிக்கிறாரோ?" என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள். அப்பா கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேஜர். படலைக்கு வந்தார். கதைத்துக்கொண்டு நிற்கும்போதே ஒருவன் சேட்டைத் தூக்கி இடுப்பிலிருந்து பிஸ்டலை எடுத்துச் சுட்டான். எந்த இயக்கம் என்று இன்றைக்கும் நான் எழுதமாட்டேன். அப்பா விழுந்த பிறகு எழுதிக் கொண்டுவந்த ஒரு மட்டையை அவருடைய நெஞ்சில் வைத்துவிட்டுப் போனார்கள். கல்யாணத்துக்கு முதல் இவரிடம் நான் சொன்ன ஒரே ஒரு பெரிய கதை இதுதான். அப்போது இவர், "எங்கட வீட்டுக்குள்ள அந்தச் சாமான் ஒருநாளும் வராது" என்று சொல்லியிருந்தார். நான் கேட்டு வாங்கிய வாக்குறுதி இல்லை. அவராகச் சொன்னது.

வாங்கைச் சுற்றி ஆட்கள் வந்துவிட்டார்கள். ஒரு வயதான பிரெஞ்சுக்காரி தண்ணீர்ப் போத்தலை நீட்டினா. யாரோ அம்புலன்ஸுக்கு ரெலிபோன் அடித்தார்கள். நான் கழுத்துச் சால்வையைக் கழற்றி அவருடைய இடுப்பில் போட்டேன். சால்வைக்குக் கீழே கையை விட்டு, உறையோடு சேர்த்து இழுத்து, என்னுடைய கைப்பைக்குள் வைத்தேன். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். உயிருள்ள மனுசனை விட்டுவிட்டு அந்தச் சாமானைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

மகள் சப்பாத்துப் பெட்டியோடு ஓடிவந்தாள். தகப்பனைப் பார்த்தாள். நான் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். காதுக்குக் கிட்ட வந்து மெல்லக் கேட்டாள்.

"அம்மா, அதை எடுத்திட்டீங்களோ?"

அந்த ஒரு கேள்வியில் வீட்டில் தெரியாமல் இருந்தது நான் ஒருத்திதான் என்று விளங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் எனக்குப் பைக்குள் இருந்ததுதான் நினைவு. தாதி கேட்டபோது ஹேர்னியா என்று சொன்னேன். டொக்டர் வயிற்றை அமத்திப் பார்த்துவிட்டு, "ஹேர்னியா ஒன்றும் இல்லை மதாம், சிறுநீரகக் கல்" என்றார். "முந்தி இருந்ததோ?" என்று கேட்டேன். இல்லை, அப்படி ஒரு அடையாளமும் இல்லை என்றார். நல்ல செய்தி சொல்கிற முகத்தோடு சொன்னார்.

ஊசி போட்டு நோ குறைந்த பிறகு இவர் கண்ணைத் திறந்தார். திரைச்சீலைக்குள் நாங்கள் இரண்டு பேரும்தான். என்ன நடந்தது என்று கேட்கவில்லை.

"எங்க அது?"

"என்ர பையுக்குள்ள."

நீளமாக ஒரு மூச்சு விட்டார். எனக்கு ஏசவேண்டும்போல இருந்தது. ஆனால் வாயில் வந்தது ஒரு கேள்விதான்.

"எத்தினை நாளா?"

"போன வருசம் கோடையிலயிருந்து. நீர் பயப்பிடாதையும். பாதுகாப்பாத்தான் வைச்சிருக்கிறன். வீட்டில எண்டா கீழ சுத்தியல் குறடு வைக்கிற பெட்டிக்குள்ள, பூட்டித்தான்."

பிறகு, நான் கேட்காமலே சொல்லத் தொடங்கினார். ஊசியின் மயக்கமோ, ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்த திறமையைச் சொல்லக் கிடைத்த ஆசையோ தெரியாது.

"முதல் மாசம் பெரிய கரைச்சல். இருந்தா எலும்பில குத்தும், நடந்தா கீழ இழுக்கும். பேந்து மொத்தப் பெல்ட் எடுத்தன், காற்சட்டை ஒரு சைஸ் பெரிசா எடுத்தன். கத்தியும் அதே பக்கம் இருந்தா ரெண்டும் முட்டுப்படும், குனியேக்க சத்தம் கேக்கும். அதுதான் கத்தியை இடப்பக்கம் மாத்தினது. நீர் அந்தத் துணியைத் தைச்சுத் தந்த பிறகு ஒரு உரசலும் இல்லை. இப்ப இருக்கிறதே தெரியாது. கார் ஓடேக்கயும் சுகம்."

சுகம் என்ற அந்தச் சொல்லோடு நான் எழும்பி வெளியே போய்விட்டேன். பயந்துபோய் வைத்திருக்கிறேன் என்று சொல்லியிருந்தால் பக்கத்தில் இருந்திருப்பேன். அவர் பழகிவிட்டார். அந்தப் பழக்கத்துக்கு நானே மெத்தை தைத்துக் கொடுத்திருக்கிறேன்.

வீட்டுக்குப் போகும்போது மகள்தான் கார் ஓடினாள். இவரை அன்றைக்கு ஆஸ்பத்திரியிலேயே மறித்து வைத்துக்கொண்டார்கள்.

"எப்ப தெரியும்?" என்று கேட்டேன்.

"போன கிறிஸ்மஸ். கட்டிப்பிடிக்கேக்க தட்டுப்பட்டது. உங்களுக்குச் சொன்னா உங்களுக்குத் தாத்தான்ர நினைவு வரும், நித்திரை கொள்ளமாட்டீங்கள் எண்டு அப்பா சொன்னவர். எனக்கும் அது சரியெண்டு பட்டது அம்மா. சொறி."

"ஹேர்னியா எண்டு அரிசி தூக்கினனி."

"ஓம்."

"சிரிச்சுக்கொண்டு தூக்கினனி."

என்னுடைய அப்பாவின் சாவையே எனக்கு மறைப்பதற்குக் காரணமாகப் பாவித்திருக்கிறார்கள். இரண்டு பேரும் அதை என்மேல் உள்ள அன்பு என்றுதான் நினைத்திருந்தார்கள்.

அடுத்த நாள் இவரைக் கூட்டிக்கொண்டு வந்து சோபாவில் இருத்தினேன். மகளையும் இருக்கச் சொன்னேன். அது எங்கேயிருந்து வந்தது என்று கேட்டேன். இந்த நாட்டில் ஒரு சாதாரண ஆள் அப்படி ஒன்றை உடம்பில் மறைத்துக்கொண்டு திரிய அனுமதி கிடைக்காது என்று எனக்குத் தெரியும். கடையில் வாங்கியிருக்க முடியாது. இவர் யன்னல் பக்கம் திரும்பினார்.

"நியூ ஜேர்சியில வேண்டினது. குடிபூரலுக்குப் போனம் எல்லே."

போன வருடம் கோடையில் இவருடைய பழைய சிநேகிதர் ஒருவரின் புது வீடு குடிபூரலுக்கு மூன்று பேரும் போயிருந்தோம். திரும்பி வரும்போது எல்லையில் பிரெஞ்சு பேசுகிற அதிகாரி ஒருவர் குனிந்து பார்த்தார். இவருக்குப் பிரெஞ்சு கடை அளவுக்குத்தான் வரும். ஆகவே நான் பக்கத்துச் சீற்றிலிருந்து எட்டிக் கதைத்தேன். மதுவோ, புகையிலையோ, ஆயுதமோ இருக்கிறதா என்று அவர் கேட்டார். "இல்லை மிஸியூ, சேலையும் பலகாரமும்தான்" என்று சிரித்துக்கொண்டு சொன்னேன். உங்களுடைய பிரெஞ்சு நல்லாக இருக்கிறது, எங்கே படித்தீர்கள் என்று கேட்டார். கார்டரியில் பிள்ளைகளிடம் என்றேன். அவரும் சிரித்துப் போகச் சொன்னார். எனக்கு அது பெருமையான நினைவாக இருந்தது. வேலையிடத்தில்கூடச் சொல்லியிருக்கிறேன்.

"காரில எங்க இருந்தது?" என்று மகள் கேட்டாள்.

"பின் சீற்றுக்குக் கீழ."

"நான் படுத்திருந்த சீற்றுக்கோ?"

இவர் தலையை ஆட்டினார்.

மகள் எழும்பித் தன்னுடைய அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். அதுவரை அவள் அவருடைய கட்சியில்தான் இருந்தாள். படுத்திருந்த பிள்ளையையும், சிரித்துக் கதைக்கிற மனுசியையும் காட்டினால் ஒருவரும் சந்தேகப்படமாட்டார்கள் என்று இவர் கணக்குப் போட்டிருக்கிறார். அகப்பட்டிருந்தால் மூன்று பேருக்கும் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். "அகப்படேல்லைத்தானே" என்றார்.

திங்கட்கிழமை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு நகரத்துக்குள் ஒரு சட்டத்தரணியிடம் போனேன். தமிழ் ஆட்களிடம் போகவில்லை, ஒரு கியூபெக் பெண். நடந்ததை முழுக்கச் சொன்னேன். அவ முதலில் கேட்டது, "இப்போது அது உங்களுடைய பைக்குள் இல்லைத்தானே?" என்றுதான். பிறகு என்ன செய்யவேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னா. அவ சொன்னபடியே செய்தேன். அது போன வழியை யாருக்கும் சொல்லக்கூடாது என்பதும் அவ சொன்னதுதான், ஆகவே இங்கேயும் எழுதவில்லை. பொலிஸின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. எங்களுடைய பெயர் போகவில்லை.

இவரிடம் நான் அனுமதி கேட்கவில்லை. முடிந்த பிறகுதான் சொன்னேன். கீழே போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மேலே வந்தார். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து என்னை "நீர்" என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்கு அது மாறியது.

"என்னைக் கேக்காமல் குடுத்திட்டாய். நாளைக்குக் கடையில என்ர கழுத்தை வெட்டினா நீயோ வந்து நிக்கப்போறாய்? இது நீ எனக்குச் செய்த துரோகம்."

"அந்தச் சொல்லை இந்த வீட்டில சொல்லாதேங்கோ" என்றேன். "அப்பான்ர நெஞ்சில வைச்ச மட்டையில இருந்தது அதுதான்."

அது அவருக்குத் தெரியும். அந்த மட்டையில் என்ன எழுதியிருந்தது என்று அவருக்கு மட்டும்தான் நான் சொல்லியிருந்தேன். அவருடைய முகம் கறுத்துப்போனது. அன்றையிலிருந்து கீழ் அறையில் படுக்கிறார். நான் கூப்பிடவில்லை. காற்சட்டைகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் தைத்த துணியைப் பிரித்து எறிந்தேன். நல்ல இறுக்கமாகத் தைத்திருந்தேன், பிரிக்க நேரம் எடுத்தது.

ஆயுதம் போன பிறகு அவருக்குக் கடையில் நிற்க முடியாமல் போனது. கதவு மணி அடித்தால் பின்னறைக்குள் போய்விடுவார். இரண்டு தரம் பட்டப்பகலில் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். குடும்ப டொக்டர் ஒரு மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். அங்கே பிரெஞ்சுதான். தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஒழுங்கு செய்யலாம் என்றார்கள்.

"தமிழ் ஆள் வேண்டாம்" என்றார் இவர். "ஊர் முழுக்கக் கதை போகும்." சமையலறை வாசலில் நின்றபடி, என்னைப் பாராமல் கேட்டார். "நீர் வருவீரோ?"

போனேன். ஏன் போனேன் என்று மகள் கேட்டாள்.

சின்ன அறை, மூன்று கதிரை. ஆலோசகர் ஒரு இளம் பெண்பிள்ளை. அவர் சொல்வதை அப்படியே சொல்லவேண்டும், கூட்டவோ குறைக்கவோ கூடாது, "அவர்" என்று மாற்றாமல் "நான்" என்றே சொல்லவேண்டும் என்று என்னிடம் சொன்னா. இவர் தன்னுடைய கைகளைப் பார்த்துக்கொண்டு கதைத்தார். அந்தப் பின்னேரம் கத்தி கழுத்தில் இருந்தபோது தனக்குக் காற்சட்டையோடு மூத்திரம் போனதைச் சொன்னார். அடுத்த ஆள் கடைக்கு வர முதல் நிலத்தைத் துடைத்ததைச் சொன்னார். நான் பிரெஞ்சில், "எனக்குக் காற்சட்டையோடு மூத்திரம் போனது, நான் நிலத்தைத் துடைத்தேன்" என்றேன். வீட்டுக்கு வந்து அவர் சோறு சாப்பிட்ட அந்த நாள். உடுப்பு மாற்றியிருந்ததை நான் கவனிக்கவே இல்லை.

பிறகு அவர் சொன்னார், "இவவுக்குச் சொல்ல வெக்கமா இருந்தது. ஆம்பிளை எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறா."

அதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். "நான்" என்று அவரைச் சொன்ன வாயால், "இவ" என்று என்னையே சொல்லவேண்டியிருந்தது.

ஆலோசகர் எழுதுவதை நிற்பாட்டிவிட்டு என் பக்கம் திரும்பினா. "நீங்கள் மதாம்? இதைக் கேட்கும்போது உங்களுக்கு எப்படி இருக்கிறது?"

இவரும் முதல் தரமாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பாவமாகத்தான் இருந்தது. அந்தப் பின்னேரமே சொல்லியிருந்தால் நான் அந்த உடுப்பைத் தோய்த்துப் போட்டிருப்பேன், வேறு ஒன்றும் நடந்திருக்காது. ஆனால் அந்தப் பாவத்துக்குப் பக்கத்திலேயே, எல்லையில் சிரித்துக்கொண்டு பதில் சொன்ன என்னுடைய குரலும் கேட்டுக்கொண்டிருந்தது.

"நான் மொழிபெயர்க்கத்தான் வந்தேன்" என்று பிரெஞ்சில் சொன்னேன்.

இவருக்கு அது விளங்கவில்லை. "என்ன சொன்னனீர்?" என்று கேட்டார். அவருக்கும் அதைத் தமிழில் சொன்னேன்.

இப்போதும் இரண்டு கிழமைக்கு ஒருமுறை போகிறோம். ஒரே காரில்தான் போய் வருகிறோம். கடையை வாடகைக்கு விட்டிருக்கிறார். மகள் வேலை கிடைத்து வேறு வீடு எடுத்துப் போய்விட்டாள். எனக்குத் தினமும் ரெலிபோன் அடிப்பாள், தகப்பனுக்கு இடைக்கிடை. அவர் இன்னும் கீழ் அறையில்தான் படுக்கிறார். மேலே வரட்டோ என்று போன கிழமை கேட்டார். இப்ப வேண்டாம் என்றேன்.